மெனுவல் நானாவும் பாதிக் காற்றும்

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் உள்ள இந்தக் கரையில் என்னை மிக அதிகமாகக் கோபப்படுத்திய மனிதர் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். என் கணவர் இல்லை. மாமியாரும் இல்லை. மெனுவல் நானாதான், எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். மூன்று வருடம் அவருக்கு எதிர் மேசையில் இருந்து வேலை செய்தேன். அந்த மூன்று வருடத்தில் நான் விழுங்கிய தலைவலி மாத்திரைகளை வரிசையாக அடுக்கினால் புத்தளம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரை வரை வரும்.

அவருக்கு வாப்பாவும் உம்மாவும் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளத் தாளில் மட்டும் இருந்தது. அவருடைய மனைவியே ஒஃபிஸுக்கு கோல் எடுத்து, "மெனுவல் நானா ஈக்கிறாரா?" என்றுதான் கேட்பார்.

எந்தப் பொருள் வாங்கினாலும் பெட்டியைத் திறந்து நாம் பொருளை எடுப்போம். அவர் அடியில் கிடக்கும் மெனுவலை, பாவிக்கும் முறை எழுதிய அந்தத் தாளை, எடுப்பார். கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, ஆங்கிலத்தில் இருப்பதை எல்லாம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பார். வாசித்து முடியும்வரை பொருளை யாரும் தொடக்கூடாது. தொட்டால் சத்தம் போடுவார். வாசித்து முடித்த பிறகு பொருள் அந்தத் தாளில் உள்ளபடி நடக்காவிட்டால் அதைவிடப் பெரிய சத்தம் போடுவார்.

ஒஃபிஸுக்கு ஒரு மின்சாரக் கேத்தல் வாங்கினோம். தண்ணீர் கொதித்து முப்பது செக்கனுக்குள் தானாக நிற்கும் என்று தாளில் இருந்ததாம். எங்கள் கேத்தல் ஐம்பது செக்கன் எடுத்தது. மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தவர், கேத்தலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். இரண்டு முறை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டும் ஐம்பது செக்கன். மூன்றாம் முறை நானும் கூடப் போனேன், பிளேன்டீ இல்லாமல் இரண்டு கிழமை இருந்த ஆத்திரத்தில்.

"நானா, தண்ணி கொதிக்குதா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கொதிக்குது."

"பொறகு என்ன?"

"முப்பது செக்கன் எண்டு எழுதியீக்கி."

கடைக்காரர் தாளை வாங்கினார். நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "இப்ப எங்க எழுதியீக்கி?" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் மெனுவல் நானா அந்தத் தெருவில் எதிர்ப்பக்கமாகவே நடந்தார்.

இன்னொரு நாள் முந்தல் என்ற ஊரில் அவருடைய சகோதரி வீட்டில் தங்கிவிட்டு வேலைக்கு வரவேண்டியிருந்தது. பஸ் ஏழு பத்துக்கு என்று பலகையில் இருந்தது. பஸ் ஏழு இருபத்தைந்துக்கு வந்தது. கொண்டக்டர் சிங்களத்தில் ஏறச் சொன்னார், தமிழிலும் ஏறச் சொன்னார். இவர் ஏறவில்லை. "நான் ஏழு பத்து பஸ்ஸுக்கு நிக்கிறன். இது ஏழு இருவத்தஞ்சு பஸ்" என்றாராம். அடுத்த பஸ்ஸும் பலகைக்கு ஒத்துவரவில்லை. பத்தரை மணிக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டு ஒஃபிஸுக்கு வந்தார், யாரோ ஒரு லொறிக்காரர் ஏற்றிவந்து விட்டதாகச் சொன்னார். லொறிக்கு நேர அட்டவணை இல்லாததால் அவருக்கு அதில் ஆட்சேபனை இருக்கவில்லை.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது நானா" என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"அப்ப ஏட்ட எரிங்க தங்கச்சி. எரிக்காம வெச்சிருந்தா, அதுல உள்ளது உண்மையா ஈக்கணும்" என்றார்.

இப்படிப்பட்டவரோடு எப்படி வேலை செய்வது? ஆனால் வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் வேலை இதுதான். மீனவர்களுக்கு நாளைக்குக் கடலில் எவ்வளவு காற்று வீசும் என்று இன்றைக்கே போனில் செய்தி அனுப்புவது. கொழும்பில் தலைமை ஒஃபிஸ், புத்தளத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் நாங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இப்போது அதற்கு வேறு பெயர். கரையோரத்தில் படகு இறங்கும் இடமெல்லாம் நாங்கள் ஒரு பலகை நட்டிருந்தோம். காற்று பன்னிரண்டு நொட்டுக்குக் கீழே என்றால் எல்லாரும் போகலாம். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை பெரிய போட் மட்டும். அதற்கு மேலே யாரும் வேண்டாம். நொட் என்பது கடலில் வேகத்துக்குச் சொல்லும் அளவு. அந்தப் பலகையை வாசிக்கத் தெரியாத பிள்ளைகூட எங்கள் பக்கத்தில் இல்லை.

எண்ணைச் சொல்வது மெனுவல் நானாவின் கணினி. அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் 'காத்து' என்று ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டினால், எங்கோ வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் கணக்கை எல்லாம் வாங்கி, ஒரு வரியில் ஒரு எண்ணைத் துப்பும். அவ்வளவுதான். அவருக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்தவர் எழுதிய புரோகிராம் அது. எழுதியவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். பெயருக்குப் பக்கத்தில் 'ஹெல்ப்' என்று சேர்த்து அடித்தால் எண்ணுக்குப் பதிலாகத் தன்னைப் பற்றி ஒரு பக்கம் சொல்லும், நான் இன்ன செய்வேன், இன்ன அளவில் சொல்வேன் என்று. கேத்தல் பெட்டிக்குள் தாள் இருக்கிற மாதிரி.

அந்த எண்ணைப் பார்த்துப் பின்னேரம் மூன்று மணிக்குத் தமிழிலும் சிங்களத்திலும் செய்தி எழுதி அனுப்புகிறவள் நான். "நாளை காற்று 9 நொட். அவதானம்." இந்தச் சேவை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடமாக ஒருநாள் தவறாமல் அனுப்பினேன். கற்பிட்டியிலிருந்து போட்டில் போகவேண்டிய எங்கள் ஊர் உச்சமுனையில் அதை வாசித்துவிட்டுக் கடலுக்குப் போகிறவர்களில் என் வாப்பாவும் ஒருவர். பதினெட்டடி ஃபைபர் போட், ஒரு எஞ்சின், ஒரு கூட்டாளி. அவருக்கு அறுபத்து மூன்று வயது.

ஒருநாள் பின்னேரம், நான் செய்தியை அனுப்பி முடித்த கையோடு, மெனுவல் நானா மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். என் பிளேன்டீ சிந்தியது.

"பொய்!" என்றார். "ரெண்டு வருஷமா எனக்கு முன்னுக்குக் குந்திக்கிட்டுப் பொய் செல்லியீக்கி!"

நான் என்னைச் சொல்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டேன். சண்டைக்குத் தயாராக. அவர் திரையைக் காட்டினார். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஹெல்ப் பக்கத்தையும் வந்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். செயற்கைக்கோள் கணக்கு எப்போதும் ஒரு செக்கனுக்கு எத்தனை மீட்டர் என்ற அளவில்தான் வரும். அன்றைக்கு வந்த கணக்கு ஒன்பது மீட்டர். அதை நொட்டாக மாற்றினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பதினேழரை வரவேண்டும். ஹெல்ப் பக்கத்தில் 'விடை நொட்டில் தரப்படும்' என்று எழுதியிருந்தது. ஆனால் 'காத்து' சொன்ன விடை ஒன்பது. மாற்றவே இல்லை. வந்ததை வந்தபடி துப்பிக்கொண்டிருந்தது.

எனக்கு விளங்க அரை நிமிடம் எடுத்தது. பதினேழரை நொட் என்றால் சின்னப் போட் போகக்கூடாது. நான் ஒன்பது என்று அனுப்பியிருக்கிறேன். இரண்டு வருடமாகப் பாதிக் காற்றை அனுப்பியிருக்கிறேன்.

வாப்பாவுக்கு கோல் எடுத்தேன். நல்ல வேளை, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, எங்கட நம்பர் பிழை. அந்த ஒம்பது ஒம்பதில்ல, பதினேழரை."

"ஓ, அதா?" என்றார் வாப்பா. "அது ஊருக்கே தெரியுமே மவள்."

"என்ன தெரியும்?"

"ஒஃபிஸ் நம்பர ரெண்டால பெருக்கிப் பாக்கணும் எண்டு. மொத மாசமே கண்டுபுடிச்சிட்டாங்க. அஞ்செண்டா பத்து, ஏழெண்டா பதினாலு. சின்னப் புள்ளையளும் பெருக்கும்."

"அப்ப ஏன் வாப்பா எனக்கு ஒருத்தரும் செல்லல்ல?"

"செல்லி, ஒன்ட வேல பெய்த்துட்டா? நம்மட புள்ள வேல செய்ற எடம். குத்தம் புடிக்கிறதா? அதுதான் பேசாம பெருக்கிக்கிட்டாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு ஊரே எனக்காக வாயை மூடிக்கொண்டு வாய்ப்பாடு படித்திருக்கிறது. சரி, ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை என்று மூச்சு விட்டேன். பிறகுதான் கேட்டேன்.

"நீங்களும் பெருக்குறதுதானே வாப்பா?"

வலையை உதறும் சத்தம் கேட்டது.

"நான் என்னத்துக்குப் பெருக்கோணும்?" என்றார். "மவள் அனுப்புறது. மவள்ட நம்பர நானே நம்பாட்டி ஊரான் எப்பிடி நம்புவான்?"

அந்த வருடம் இரண்டு முறை வாப்பா எஞ்சின் உடைந்து வந்தது ஞாபகம் வந்தது. ஒருமுறை போட் நிறையத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள். கேட்டதற்கு, "காத்து கொஞ்சம் கூடிப்பெய்த்து" என்றுதான் சொன்னார். உச்சமுனை முழுவதும் பெருக்கிப் பார்த்துவிட்டு வீட்டில் இருந்த நாட்களில், என் வாப்பா ஒருவர் மட்டும் நான் அனுப்பியதை அப்படியே நம்பிக் கடலுக்குப் போயிருக்கிறார். போனை மேசையில் வைத்துவிட்டு, வாயில் வந்தபடி ஏசினேன். வாப்பாவை ஏசினேன், அவுஸ்திரேலியாக்காரனை ஏசினேன், என்னையும் ஏசினேன். மெனுவல் நானா முதல் முறையாக என்னைவிடக் குறைந்த சத்தத்தில் இருந்தார்.

ஸ்பீக்கரில் போட்டுக் கொழும்புக்கு அறிவித்தோம். டிரெக்டர் சேர் பொறுமையாகக் கேட்டார். அவரிடம் பொறுமை எப்போதும் நிறைய இருந்தது, ஏனென்றால் அவர் கடலுக்குப் போவதில்லை.

"இது ஐந்து நிமிட வேலை" என்றார். "ஹெல்ப் பக்கத்தில் நொட் என்று இருப்பதை மீட்டர் என்று மாற்றிவிடுங்கள். அப்போது முரண்பாடு இல்லை."

"சேர், பலகை எல்லாம் நொட்டுல ஈக்கி" என்றார் மெனுவல் நானா.

"மக்கள்தான் பெருக்கிக்கொள்கிறார்களே?"

"இவட வாப்பா பெருக்குறல்ல, சேர்."

"அப்படியென்றால் அவருக்குப் பெருக்கச் சொல்லுங்கள்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒருவர் சோறு பரிமாறுவதைக் கேட்டேன். நான் போனைப் பறித்துப் பேசியிருப்பேன். பேசியிருந்தால் அன்றே வேலை போயிருக்கும். மெனுவல் நானா என் கையைத் தள்ளிவிட்டு, "ஹெல்ப்ல உள்ளத நான் மாத்த மாட்டன் சேர். புரோகிராமத்தான் மாத்துவன்" என்று சொல்லி கோலை வெட்டினார்.

அந்த மனிதருடைய பிடிவாதம் எனக்கு முதல் முறையாக இனித்தது அப்போதுதான்.

புரோகிராமைத் திறந்து பார்த்தார். பெருக்கும் வரி உள்ளேதான் இருந்தது. எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். பிறகு எதையோ பரிசோதிப்பதற்காக அந்த வரியின் தலையில் ஒரு குறியைப் போட்டு, அதை வேலை செய்யாமல் நிறுத்தியிருந்தார். பக்கத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார், 'இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்' என்று. பரிசோதனை முடிந்ததும் குறியை எடுக்க மறந்து, விமானம் ஏறிவிட்டார்.

மெனுவல் நானா அதை வாசித்தார். மேசையில் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. முகம் கறுத்துப்போய், கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தொண்ணூறுல முஸ்லிம் ஆக்கள வெளியேத்தக்குள்ள மன்னார்லருந்து வந்தம்" என்றார். "எனக்கு ஏழு வயசு. வாப்பா ஓலக் கொட்டில் ஒண்டு கட்டினாரு. இப்போதைக்கு இதுல இருப்பம் எண்டாரு. நிவாரணக் கூப்பன் தந்தவங்களும் இப்போதைக்கு எண்டாங்க. பள்ளிக்கூடத்துல பின்னேர வகுப்புல போட்டவங்களும் இப்போதைக்கு எண்டாங்க. வாப்பா அந்தக் கொட்டில்லதான் மவுத்தானாரு தங்கச்சி. இந்தச் சொல்ல எழுதினவன் கையில கெடச்சா..."

கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். அவருக்கு எழுத்தின் மேல் ஏன் இவ்வளவு வெறி என்று மூன்று வருடமாக நான் கேட்டதே இல்லை. கேலி செய்யத்தான் நேரம் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

குறியை எடுக்க ஒரு செக்கன் போதும். அவர் இரண்டு நாள் எடுத்தார். ஹெல்ப் பக்கத்தில் பதினொரு வரி. ஒவ்வொரு வரியாக வாசித்து, புரோகிராம் அப்படி நடக்கிறதா என்று பார்த்தார். ஒரு வரி சொன்னது, கணக்கு வந்து சேராவிட்டால் 'காத்து' எதுவும் சொல்லாமல் நின்றுவிடும் என்று. அது நிற்கவில்லை. நேற்றைய எண்ணையே இன்றைக்கும் சொன்னது. அதைக் கண்டபோது மேசையில் விழுந்த அடியில் கீழே ஹார்ட்வெயார் கடைக்காரர் மேலே ஓடிவந்தார். அதையும் திருத்தினார். மூன்றாம் நாள் 'காத்து' தான் சொன்னபடி நடந்தது.

அன்று பின்னேரம் நான் அனுப்பிய செய்தி: "நாளை காற்று 10 நொட். இனிப் பெருக்க வேண்டாம். எண் திருத்தப்பட்டுள்ளது."

மறுநாள் கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்ததாம். உச்சமுனையில் ஒரு போட்டும் இறங்கவில்லை. பத்து என்றால் இருபது, இருபது என்றால் பலகைப்படி யாரும் போகக்கூடாது. இனிப் பெருக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, "பாவம், அந்தப் புள்ளைக்கு ஒஃபிஸ்ல ஏதோ கரச்சல். மேலிடத்துக்குக் காட்ட எழுதியீக்கி. நம்ம பெருக்கிக்குவம்" என்று முடிவெடுத்தார்களாம். என் மேல் வைத்த அன்பு என்னை விடுவதாக இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. வாப்பா மட்டும் போய், போட் நிறைய மீனோடு வந்தார். அதைப் பார்த்தும் ஒருவரும் நம்பவில்லை, அவர்தான் எப்போதும் பெருக்காத மனுஷனாயிற்றே.

மூன்றாம் நாள் மீன் வாங்க வரும் வியாபாரிகளின் முறைப்பாடு டிரெக்டர் சேருக்குப் போய்விட்டது. நல்ல கடலில் இரண்டு நாள் சும்மா இருந்தோம் என்று. "பழையபடி மாற்றுங்கள், நாளைக்கே" என்று அவர் உத்தரவு போட்டார்.

பழையபடி என்றால் வாப்பாவுக்குப் பாதிக் காற்று. நான் அவரிடம் பெருக்கச் சொல்லலாம்தான். சொன்னேன்தான். "சரி சரி" என்றார். அந்தச் சரி சரியை எனக்குத் தெரியும். பீடியை விடுவதற்கும் அவர் அதே சரி சரியைத்தான் இருபது வருடமாகச் சொல்கிறார்.

"ஆரு இவங்களப் பெருக்கச் சொன்னது?" என்று மெனுவல் நானா ஒஃபிஸுக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்தார். "எந்த மெனுவல்ல ஈக்கி?" பிறகு நின்றார். "நாளைக்கு நான் உச்சமுனைக்குப் போறன்" என்றார்.

களப்பில், அந்த அலையில்லாத கடலேரியில், போட் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். நீந்தத் தெரியாது. கற்பிட்டியில் அவருக்கு உயிர்காப்பு அங்கி கொடுத்தபோது அதன் முதுகில் தைத்திருந்த துணித் துண்டில் உள்ளதை வாசித்து முடிக்கும்வரை போட்டைப் புறப்பட விடவில்லை. பதினைந்து பேர் காத்திருந்தோம். நானும் அவர்களில் ஒருத்தி, எனக்கு அவரைத் தண்ணீரில் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது.

பகல் ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலுக்கு வெளியே கூடினார்கள். ஹெல்ப் பக்கத்தைத் தமிழில் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதைப் பதினொரு வரியும் வாசித்தார். ஒரு வயதான சம்மாட்டி, நாலைந்து போட்டுக்குச் சொந்தக்காரர், கேட்டார்.

"தம்பி, முந்தியும் இப்பிடி ஒரு தாள்ல நொட் எண்டுதானே எழுதியிருந்திச்சி?"

"ஓம்."

"அது பொய்தானே?"

"ஓம்."

"அப்ப இந்தத் தாள நாங்க என்னெண்டு நம்புற?"

அவர் இப்போது வெடிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடித்தார்தான். ஆனால் அவர்கள் மேல் இல்லை.

"நம்பாதீங்க!" என்று கத்தினார். "கேத்தலுக்கு முப்பது செக்கனா ஐம்பது செக்கனா எண்டு நிண்டு பாத்தவன் நான். என்ட கையால தெனமும் தட்டின சாமான ரெண்டு வருஷம் ஒருநாளும் சோதிச்சுப் பாக்கல்ல. நீங்க மொத மாசத்துல புடிச்சத நான் ரெண்டு வருஷம் பொறகு புடிச்சன். என்ன நம்பாதீங்க. நாளைக்குப் பத்து நொட் எண்டு 'காத்து' செல்லுது. நான் போட்ல வாறன். கடல்ல வெச்சு அளந்து காட்டுறன். பிழையெண்டா அங்கேயே தள்ளிவிடுங்க."

பிறகு வாப்பா எழுந்து, "என்ட போட்ல வாங்க" என்றார்.

மறுநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு போனார்கள். கையளவு காற்று அளக்கும் கருவி ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். அதற்கும் ஒரு தாள் உண்டு, கையை நீட்டி, கண் மட்டத்தில், நேராக நின்று பிடிக்க வேண்டும் என்று. பதினெட்டடிப் போட்டில் நேராக நிற்பது எங்கே? "குந்துங்க! குந்துங்க!" என்று வாப்பா கத்தியிருக்கிறார். "நிண்டு புடிக்கணும் எண்டுதான் எழுதியீக்கி!" என்று இவர் கத்தியிருக்கிறார். கடைசியில் வாப்பாவின் கூட்டாளி இவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, இவர் நின்று அளந்தார். பின்னால் ஐந்து போட் எட்டத்தில் வந்தன, பார்ப்பதற்கு.

எட்டு மணிக்கு, கரையில் நின்ற எனக்கு வாப்பா கோல் எடுத்தார். காற்றிலும் எஞ்சின் சத்தத்திலும் பாதிதான் கேட்டது, பக்கத்தில் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் மட்டும் முழுதாகக் கேட்டது.

"மவள், இந்த மனிசன் சத்தி எடுக்கிறாரு. சத்தி எடுத்துட்டு நம்பர் செல்றாரு. ஒம்பதரையாம். பொறகு திரும்பவும் எடுக்கிறாரு. பத்தாம். பத்தர எண்டும் செல்றாரு. கரைக்குக் கொண்டு போவமா எண்டு கேட்டா ஏசுறாரு."

"கொண்டு வாங்க வாப்பா, பாவம்!"

"வர மாட்டாராம். பன்னெண்டு மணி மட்டும் அளக்கணுமாம்."

பன்னிரண்டு மணிவரை அளந்தார். ஒருதடவைகூடப் பதினொன்றைத் தாண்டவில்லை. கரையில் இரண்டு பேர் தோள் கொடுத்து இறக்கினார்கள், முகம் மஞ்சளாகிப் போயிருந்தது. மணலில் குந்தியபடியே அந்தச் சம்மாட்டியிடம் எண்கள் எழுதிய தாளை நீட்டினார். சம்மாட்டி தாளை வாங்கவில்லை, முதலில் இளநீரை நீட்டினார். "நாளையிலருந்து பெருக்க மாட்டம் தம்பி" என்றார்.

பழையபடி மாற்றச் சொன்ன உத்தரவை மெனுவல் நானா நிறைவேற்றவே இல்லை. அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எழுதிய கடிதத்தில் 'சிக்கனம்' என்று இருந்தது. அதை அவர் இரண்டு முறை வாசித்தார். "இதுவும் பொய்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். டிரெக்டர் சேருக்கு நான் எழுதிய பதில் கடிதத்தில் நல்ல சொல் ஒன்றும் இருக்கவில்லை, அதனால் அதை இங்கே தரவில்லை. இப்போது மெனுவல் நானா முந்தலில் ஒரு இறால் பண்ணையில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். முதலாளிக்கு அங்கே என்ன பாடு என்று என்னால் ஊகிக்க முடியும்.

அவர் போய் மூன்று கிழமை இருக்கும். ஒரு பின்னேரம் நானே 'காத்து' என்று அடித்து என்டர் தட்டினேன். பத்தொன்பது என்றது. கணக்கைத் திறந்து பார்த்தேன், மீட்டரில் ஒன்பதே முக்கால். பழைய 'காத்து' என்றால் பத்து என்று சொல்லியிருக்கும். நான் பத்து என்று அனுப்பியிருப்பேன். பத்தொன்பது என்று அனுப்பிவிட்டு வாப்பாவுக்கு கோல் எடுத்தேன்.

"மெசேஜ் பாத்தன் மவள்" என்றார். "போட்ட இழுத்து மேல வெச்சாச்சு."

மறுநாள் விடிந்ததிலிருந்து ஒஃபிஸ் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன. கீழே கடையில் தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் வாளிகள் தெருவில் உருண்டன. வாப்பா வீட்டில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார், இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பிறகு முந்தலுக்கு கோல் எடுத்தேன். நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் மெனுவல் நானா தொடங்கிவிட்டார். பண்ணைக்குப் புதிதாக வந்த பம்புக்கு ஒரு தாள் வந்திருக்கிறதாம், அதில் உள்ள ஒரு வரிகூட உண்மை இல்லையாம், எழுதியவன் பம்பைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டானாம். இருபது நிமிடம் ஏசினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைக்க மனம் வரவில்லை.